‘குழுவினர்’ எங்கே போயினர்? ஒற்றை ஆள் இசைக்குழுவின் வரலாற்றில் ஒரு சொல்

1

பாறசாலையைக் கடந்து களியக்காவிளை வழியாக மார்த்தாண்டம் செல்லும் நெடுஞ்சாலையில், திருவிழாக் காலத்துச் சுவரொட்டிகளை வாசித்துக்கொண்டே மாநில எல்லையைத் தாண்டுபவர் ஒரு சிறு ஒற்றுமையைக் கவனிக்கலாம். நெய்யாற்றின்கரை வட்டத்தில் ஒட்டப்படும் மலையாள அறிவிப்புகள் முதன்மைக் கலைஞரின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ‘இன்னாரும் சங்கமும்’ என்று முடிப்பது வழக்கம். விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழ் அறிவிப்புகள் அதே இடத்தில் ‘இன்னார் குழுவினர்’ என்று முடிக்கும். மொழி மாறுகிறது, மரபு மாறுவதில்லை. ஒருவருக்குப் பெயர் உண்டு. மற்றவர்களுக்கு ஒரு கூட்டுப்பெயர் மட்டுமே உண்டு.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் அதனுள் அடங்கிய பாறசாலையும் கேரளத்தில் நின்றன. கோடு நிலத்தின்மீது விழுந்தது, வில்லின்மீது விழவில்லை. தமிழில் வில்லுப்பாட்டு என்றும், மலையாளத்தில் வில்லடிச்சான் பாட்டு என்றும் வழங்கும் கலை, கோட்டின் இரு பக்கத்துச் சிற்றூர்களுக்கும் பொதுவானது. இரவிக்குட்டிப் பிள்ளையின் போர், பஞ்சவங்காட்டு நீலியின் கதை முதலியவை இரு மொழிக்கும் இடைப்பட்ட ஒரு பேச்சில் பாடப்பட்டு வந்தன. மலையாள ஆய்வுலகம் அவற்றைத் ‘தெக்கன் பாட்டுகள்’ என்றது. தமிழ் ஆய்வுலகம் ‘கதைப்பாடல்கள்’ என்றது.

இக்கலையின் உள்ளமைப்பு இங்கே முக்கியமானது. நடுவில் அமர்ந்திருப்பவர் புலவர். பழைய வழக்கில் அண்ணாவி. அவர் கதை சொல்லுவார், பாடுவார், மணிகள் கட்டிய வில்லின் நாணை வீசுகோலால் அடிப்பார். வில் தாங்கி நிற்கும் மண்குடத்தின் வாயில் ஒருவர் பத்தி கொண்டு அடிக்க, அடியாழத்திலிருந்து காற்றோடு கூடிய ஓர் ஒலி எழும். உடுக்கை ஒருவர் கையில், தாளம் ஒருவர் கையில், கட்டை ஒருவர் கையில். அவர்களுள் சிலரே பின்பாட்டும் பாடுவர். புலவர் சொல்லும் வரியை ஏற்பர், திருப்புவர், ‘ஆமாம்’ போடுவர். கதையின் வேகத்தைக் கூட்டுவதும் தணிப்பதும் இந்தக் கூட்டு இயக்கந்தான். சாமியாடி எழும் நேரத்தில் தாளம் இறுகுவது ஒருவருடைய முடிவால் நிகழ்வதன்று. ஐந்தாறு பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பதால் நிகழ்வது.

ஆயினும் அறிவிப்பில் நிற்பது ஒரு பெயர். மீதி, ‘குழுவினர்’.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலக இசையில் தோன்றிய ‘ஒற்றை ஆள் இசைக்குழு’ என்னும் வடிவத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சொல் உதவும். எல்லாக் கருவிகளையும் ஒருவரே இயக்கி, ஒருவரே பாடி, ஒருவரே பதிவு செய்து வெளியிடும் தொகுப்பு என்றால், அங்கே ‘குழுவினர்’ என்ற சொல்லுக்கு வேலையில்லை என்று தோன்றும். வரலாறு வேறு கதை சொல்லுகிறது. குழுவினர் அங்கும் இருக்கின்றனர். அவர்கள் அமர்ந்திருக்கும் இடமே மாறியிருக்கிறது.

2

வில்லுப்பாட்டில் குடத்துக்கு உள்ள இடம், ஃபங்க் இசையில் டிரம்முக்கும் பேஸ் கிதாருக்கும் உண்டு. 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுனின் குழு அமெரிக்கக் கறுப்பர் இசையில் ஒரு பெரும் மாற்றத்தைச் செய்தது. 1965, 1967ஆம் ஆண்டுப் பாடல்களில் மெட்டும் சுருதிமாற்றமும் பின்னுக்குச் சென்று, தாளம் முன்னுக்கு வந்தது. ஆவர்த்தனத்தின் முதல் அடியில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக விழும். அதன்பின் ஒவ்வொன்றும் தனக்கு ஒதுக்கப்பட்ட சிறு இடைவெளிக்குள் மட்டும் ஒலிக்கும். கிதார்கூடத் தாளக்கருவியைப் போலவே வாசிக்கப்பட்டது. எவரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் ஓர் அசை சொல்ல, வாக்கியம் கூட்டாக உருவாகும். ஃபங்க் என்பது இந்த வேலைப்பிரிவினைக்குப் பெயர்.

அந்தக் குழுவின் டிரம் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு 1969இல் பதிவான ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற பாட்டில் சில விநாடிகள் தனியே வாசித்தார். பாட்டு 1970இல் வெளிவந்தது. அந்தச் சில விநாடிகள் 1980களின் பிற்பகுதியில் சாம்ப்ளர் என்னும் கருவி பரவியபோது வெட்டி எடுக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாடல்களுக்கு அடித்தளமாயின. பப்ளிக் எனிமியின் 1989ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றும் அவற்றுள் அடங்கும். பாட்டின் ஆசிரியராக ஸ்டபிள்ஃபீல்டின் பெயர் பதிவாகவில்லை. ஆகவே சாம்பிள்களுக்கான உரிமைத்தொகை அவருக்கு உரியதாகவும் இல்லை. 2017இல் அவர் இறந்தபோது, உலகில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கைகளுள் ஒன்று அவருடையது என்று இரங்கல் குறிப்புகள் எழுதின. அந்தக் கையின் பெயர் கேட்டவர்களுள் பெரும்பாலோர்க்குத் தெரியாது.

பாட்டுக்கு ஜேம்ஸ் பிரவுன் என்ற பெயர் இருந்தது. ஸ்டபிள்ஃபீல்டு அதன் ‘குழுவினர்’.

3

இந்த ஏற்பாட்டைக் கேள்விக்கு உள்ளாக்கிய இயக்கமாகப் போஸ்ட்-பங்க் இசையை வாசிக்க இடமுண்டு. 1976-77இன் பங்க் எழுச்சி, இசைப்பயிற்சி இல்லாதவரும் மேடையேறலாம் என்றது. அதன் பின் வந்த தலைமுறை, அந்தத் துணிவை வைத்துக்கொண்டு ஃபங்கின் கட்டமைப்பைக் கடன் வாங்கியது. 1979இல் லீட்ஸ் நகரத்துக் கேங் ஆஃப் ஃபோர் வெளியிட்ட ‘எண்டர்டெயின்மெண்ட்!’ என்ற முதல் தொகுப்பு இதற்குத் தெளிவான சான்று. அதில் கிதார் மெட்டைச் சுமப்பதில்லை. கூரிய துண்டுகளாக வெட்டி விழுகிறது. பேஸும் டிரம்மும் முன்னணியில் நிற்கின்றன. பாடல்களின் ஆசிரியர்களாக நால்வரின் பெயரும் சேர்த்தே இடப்பட்டன. கூட்டுழைப்பால் உருவாகும் இசைக்குக் கூட்டுப்பெயர் அன்று, எல்லாருடைய பெயரும் வேண்டும் என்ற எண்ணம் அதில் உண்டு.

அதே காலத்தில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் ஸ்க்ரோகின்ஸ் சகோதரிகள் ஈ.எஸ்.ஜி. என்ற குழுவைத் தொடங்கினர். மிகக் குறைந்த கருவிகள், மிக நீண்ட இடைவெளிகள், விடாத தாளம். 1981இல் வெளிவந்த அவர்களுடைய ‘யூ.எஃப்.ஓ.’ என்ற பதிவு போஸ்ட்-பங்க் ஃபங்கின் மூலநூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் தொடக்க ஒலியும் ஸ்டபிள்ஃபீல்டின் தாளத்தைப் போலவே பலரால் வெட்டி எடுக்கப்பட்டது. 1992இல் அச்சகோதரிகள் வெளியிட்ட ஒரு சிறு தொகுப்பின் பெயரே அவர்களுடைய விமரிசனமாக அமைந்தது. சாம்பிள் எடுத்ததாகப் பெயர் போடுவது எங்கள் செலவுக்கணக்கைத் தீர்ப்பதில்லை என்பது அப்பெயரின் பொருள்.

இங்கே பெயர் குறித்த சிக்கல் இரண்டாகப் பிரிகிறது. ஸ்டபிள்ஃபீல்டுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. ஈ.எஸ்.ஜி.க்குச் சில இடங்களில் பெயர் கிடைத்தது; பெயர் மட்டும் போதாது என்று அவர்கள் சொல்ல நேர்ந்தது. ‘குழுவினர்’ என்ற சொல்லை நீக்கிப் பெயர்ப்பட்டியல் இடுவதால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதற்கு இது எச்சரிக்கை.

4

ஒருவரே குழுவாகும் முயற்சி இதற்கெல்லாம் முந்தியது. 1941இல் சிட்னி பெஷே என்ற ஜாஸ் கலைஞர், ஒரு பதிவின்மேல் இன்னொரு பதிவை ஏற்றி, ஆறு கருவிகளைத் தாமே வாசித்த ஒரு பாட்டை வெளியிட்டார். இசைக்கலைஞர் சங்கம் அதை எதிர்த்தது. ஒருவர் அறுவரின் வேலையைச் செய்தால் ஐவருக்கு வேலை போகும் என்ற கணக்கு எளியது. ஒற்றை ஆள் இசைக்குழு பிறந்த நாளிலேயே ‘குழுவினர் எங்கே?’ என்ற கேள்வியும் பிறந்துவிட்டது.

பின்னர் அக்கேள்வி மங்கி, வியப்பு மேலோங்கியது. 1970இல் பால் மெக்கார்ட்னி தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பில் எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்தார். 1978இல் வெளிவந்த பிரின்ஸின் முதல் தொகுப்பின் உறையில் அவர் இயக்கிய 27 கருவிகள் பட்டியலிடப்பட்டன. விமரிசகர்கள் இவர்களை மேதைகள் என்றனர். அச்சொல்லின் பொருத்தம் இங்கு விவாதமன்று. யாருக்கு அச்சொல் எளிதில் கிடைத்தது என்பதே கேள்வி. அதற்கு இக்கட்டுரை மீண்டும் வரும்.

1979இல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியலாம். 1980இல் ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்.-808 டிரம் மெஷின் வந்தது. 16 பொத்தான்கள் கொண்ட வரிசையில் எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். வில்லுப்பாட்டு மேடையோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். குடத்தின் ஆழ்ந்த ஒலிக்கு ஒரு தடம், உடுக்கைக்கு ஒரு தடம், தாளத்தின் உலோக ஒலிக்கு ஒரு தடம், கட்டைக்கு ஒரு தடம். ஐவர் அமர்ந்திருந்த அரைவட்டம் ஒரு பெட்டியின் முகப்பாகச் சுருங்குகிறது. ஆனால் அந்தப் பெட்டி யாரையும் கேட்பதில்லை, கேட்டுத் தன் வேகத்தை மாற்றுவதில்லை, ‘ஆமாம்’ சொல்லுவதில்லை.

இந்தியாவில் இப்பெட்டியை முழுமையாகப் பயன்படுத்திய முதல் முயற்சிகளுள் ஒன்று சரண்ஜித் சிங்குடையது. பம்பாய்த் திரைப்படப் பதிவுக்கூடங்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்து வாழ்ந்தவர் அவர். அதாவது, வாழ்நாள் முழுதும் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் இருந்தவர். 1982இல் அவர் ஒரு சிந்தசைசர், ஒரு பேஸ் பெட்டி, ஒரு டிரம் பெட்டி ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் தனியே வாசித்துப் பதிந்தார். எச்.எம்.வி. வெளியிட்ட அத்தொகுப்பு அன்று கவனம் பெறவில்லை. 2010இல் நெதர்லாந்தில் அது மறுபதிப்புப் பெற்றபோது, சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசையை அது சில ஆண்டுகள் முந்திவிட்டது என்று மேற்கத்திய உலகம் வியந்தது. பக்கவாத்தியக்காரர் ஒருவர் தம் பெயரில் நிற்பதற்கு இயந்திரம் வழிசெய்தது. அந்தப் பெயர் ஊரெல்லாம் தெரிய ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 2015இல் அவர் மறைந்தார்.

ஆகவே இயந்திரத்தை வேலை பறிக்கும் கருவி என்று மட்டும் காண்பது அரைகுறைப் பார்வை. சிலருக்கு அதுவே பெயர் பெறும் வழி. தமிழரிடையே இந்த இரட்டைத்தன்மை மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் இலண்டன்.

5

மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் சென்றார். தந்தை ஈழப் புரட்சி அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். ‘அருளர்’ என்ற இயக்கப்பெயராலும், 1977 இனக்கலவரத்தின் அகதிகளைச் சுமந்த கப்பலை மையமாகக் கொண்ட ‘லங்காராணி’ நாவலின் ஆசிரியராகவும் தமிழ் வாசகர் அறிந்தவர். போரின் நெருக்கடியில் குடும்பம் சென்னையிலும் சில காலம் வாழ்ந்தது. 1986இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக இலண்டன் திரும்பினர். தாய் தையல் வேலை செய்து குடும்பம் நடத்தினார். மகள் சென்ட்ரல் செயிண்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் நுண்கலையும் திரைப்படமும் பயின்றார். இசைப்பயிற்சி அவருக்கு இல்லை.

அவர் இசைக்கு வந்த வழி போஸ்ட்-பங்க் மரபின் வழியே. எலாஸ்டிகா என்ற குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு உறை வடிவமைத்தார். அக்குழுவின் அமெரிக்கப் பயணத்தை ஒளிப்பதிவு செய்யச் சென்றார். எலாஸ்டிகா, 1970களின் போஸ்ட்-பங்க் குழுவாகிய வயரிடமிருந்து மெட்டைக் கடன் வாங்கியதற்காக நீதிமன்றத்துக்கு வெளியே இழப்பீடு கொடுத்துத் தீர்த்துக்கொண்ட குழு. கடனும் பெயரும் பற்றிய பிணக்கை முன்பே அறிந்த இடம். அப்பயணத்தில் உடன் மேடையேறிய பீச்சஸ் என்ற கலைஞர், ரோலண்ட் எம்.சி.-505 என்ற பெட்டி ஒன்றோடு தனியாளாக நிகழ்ச்சி நடத்திவந்தார். டிரம் மெஷின், சிந்தசைசர், தாளவரிசைக் கருவி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி அது. அதை இயக்கிப் பார்க்க மாதங்கியை அவர் ஊக்கினார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடமிருந்து அப்பெட்டியைக் கடன் வாங்கிப் படுக்கையறையில் வைத்து அவர் முதற்பாடல்களைச் செய்தார். கலைஞராக ஏற்ற பெயர் எம்.ஐ.ஏ. போர்க்களத்தில் காணாமற்போனோரைக் குறிக்கும் இராணுவச் சுருக்கம் அது. இலண்டனின் ஆக்டன் பகுதியையும் சிலேடையாகச் சுட்டும்.

2003இல் ‘கலாங்’ என்ற பாட்டு மிகச் சிறிய எண்ணிக்கையில் இசைத்தட்டாக வெளிவந்தது. 2005 மார்ச்சில் எக்ஸ்.எல். நிறுவனம் முதல் தொகுப்பாகிய ‘அருளர்’ ஐ வெளியிட்டது. பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கான இறுதிப்பட்டியலில் அது இடம்பெற்றது. இத்தொகுப்பை முழுமையான போஸ்ட்-பங்க் ஃபங்க் என்று வகைப்படுத்த இயலாது. ஹிப்-ஹாப்பும் ஜமைக்காவின் டான்ஸ்ஹாலும் அதில் உண்டு. ஆனால் அதன் கட்டமைப்பு அம்மரபினது. மெட்டுக் குறைவு, இடைவெளி மிகுதி, குரலும் ஒரு தாளக்கருவி.

ஃபங்க் என்ற சொல்லும் அதில் உலகைச் சுற்றி வந்து சேர்கிறது. ரியோ டி ஜெனீரோவின் குடிசைப்பகுதிகளில் 1970களில் அமெரிக்க ஃபங்க் இசைத்தட்டுகளுக்கு நடந்த ஆட்டங்களிலிருந்து ‘ஃபங்க்’ என்ற பெயரிலேயே வேறோர் இசை வளர்ந்தது. ‘அருளர்’ தொகுப்பின் ‘பக்கி டன் கன்’ என்ற பாட்டு, ரியோவின் டெய்சி திக்ரோனா பாடிய ஒரு பாட்டின்மேல் கட்டப்பட்டது. அந்தப் பாட்டோ ‘ராக்கி’ திரைப்படத்துக்காகப் பில் காண்டி அமைத்த ஊதுகுழல் இசையின்மேல் கட்டப்பட்டது. ‘சன்ஷவர்ஸ்’ பாட்டின் பல்லவி, 1976இல் டாக்டர் பஸர்ட்ஸ் ஒரிஜினல் சவான்னா பேண்ட் பாடியதிலிருந்து வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘கலா’ என்ற தொகுப்புக்காக அவர் சென்னைக்கு வந்தார். ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்தைப் பயன்படுத்தி, தமிழக மேளக்கலைஞர்களின் தாளங்களைப் பதிந்தார். அத்தொகுப்பின் ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டை இயக்குவது உறுமியின் ஒலி.

ஒற்றைப் பெயரின் பின்னே எத்தனை கைகள் என்பதை இந்தச் சங்கிலி காட்டுகிறது. பெட்டி கொடுத்தவர், பெட்டியைப் பழக்கியவர், ரியோவின் பாடகி, 1976ஆம் ஆண்டுப் பாடகர்கள், உறுமியின் தோலைக் கோலால் உரசி முனகச் செய்த தமிழகக் கலைஞர்கள். இவர்கள் எம்.ஐ.ஏ.வின் ‘குழுவினர்’. இவர்களுள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

6

இவ்விடத்தில் வாதம் எளிதாக ஒரு தவறான முடிவை நோக்கிச் சரியும். ‘அப்படியானால் இது அவருடைய தொகுப்பே அன்று’ என்பதே அம்முடிவு. அன்றைய விமரிசனத்தில் ஒரு பகுதி அப்படித்தான் சரிந்தது. ‘அருளர்’ தொகுப்பில் பல தயாரிப்பாளர்கள் பங்கேற்றனர். ராஸ் ஆர்டன், ஸ்டீவ் மெக்கி, ரிச்சர்ட் எக்ஸ், ஸ்விட்ச், டிப்லோ ஆகியோர் அவர்களுள் சிலர். டிப்லோ பங்கேற்றது ஒரு சிறு பகுதியில். ஆயினும் இதழ்கள் அவரையே தொகுப்பின் மூளையாக எழுதின. 2007இல் பிட்ச்ஃபோர்க் இதழுக்கு அளித்த நேர்காணலில் எம்.ஐ.ஏ. இதை வெளிப்படையாக மறுத்தார். தாமே செய்த வேலையை ஓர் ஆண் செய்ததாக எழுதும் வழக்கத்தை அவர் சுட்டிக்காட்டினார்.

பிரின்ஸின் 27 கருவிகளும் மெக்கார்ட்னியின் தனித்தொகுப்பும் இப்போது நினைவுக்கு வரவேண்டும். அவர்களும் பிறர் உருவாக்கிய தாளங்களிலும் கருவிகளிலும் நின்றே இசை செய்தனர். ஃபங்க் இல்லாமல் பிரின்ஸ் இல்லை. ஆயினும் அவர்களுக்குப் பின்னே வேறொருவர் இருப்பார் என்று எவரும் தேடவில்லை. அகதியாக வந்த, இசைப்பயிற்சி இல்லாத ஒரு தமிழ்ப் பெண் அதே வடிவத்தில் நின்றபோது, பின்னால் இருக்கும் ஆணைத் தேடும் வேலை உடனே தொடங்கியது.

ஆகவே ‘ஒற்றை ஆள்’ என்பது இசை உருவான முறையைப் பற்றிய விவரணை அன்று. அது ஒரு பட்டம். அந்தப் பட்டம் இரண்டு அநீதிகளைச் செய்ய வல்லது. கொடுக்கப்படும்போது, உழைத்த பலரின் பெயரை மறைக்கிறது. மறுக்கப்படும்போது, உழைத்த ஒருவரின் பெயரையே மறைக்கிறது. முதல் அநீதியை எதிர்ப்பவர் கவனமின்றி இரண்டாவதைச் செய்துவிட நேரும். சாம்பிள் எடுத்ததால் அவர் படைப்பாளி அல்லர் என்று சொல்லுபவர், உடுக்கை அடித்தவர் ஒருவர் இருப்பதால் புலவர் புலவரல்லர் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

வில்லுப்பாட்டு வரலாறும் இதற்குச் சான்று தரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் பூங்கனி, சிறுமியாக மேடையேறிப் பல பத்தாண்டுகள் வில்லின் நடுவில் அமர்ந்து கதை சொன்னவர். நடுவிடம் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியதாக இருந்த கலையில் அவர் பெற்ற பெயர் எளிதில் வந்ததன்று. 2018இல் அவர் மறைந்தபோது வறுமையில் இருந்தார். பெயர் பெற்றவர்க்கே இந்நிலை என்றால், ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் இருந்தவர்களின் முதுமையை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. எம்.ஐ.ஏ. தம் முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப்பெயரையும் இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் இட்டார். தமக்கோ காணாமற்போனோரைக் குறிக்கும் சுருக்கத்தை வைத்துக்கொண்டார். ஒற்றைப் பெயரில் நிற்கும் வடிவத்துக்குள், இல்லாதவர்களின் பெயர்களை மீட்டுவைக்கும் முயற்சியாக இதை வாசிக்க இடமுண்டு. காணாமற்போனோரின் பெயர்ப்பட்டியல் எவ்வளவு கனமானது என்பதை ஈழத்துக் குடும்பங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

7

மீண்டும் எல்லைச் சிற்றூர்களுக்கு வரலாம். பாறசாலைப் பக்கத்துத் திருமண மண்டபங்களிலும் களியக்காவிளைப் பக்கத்துச் சிறு விழாக்களிலும், கீபோர்டு ஒன்றில் தாளத்தை ஓடவிட்டுத் தனியாளாக நிகழ்ச்சி நடத்தும் கலைஞர்களை இன்று காண்பது அரிதன்று. பலரை அழைக்க விழா நடத்துவோரிடம் பணமில்லை; பலரோடு பங்கிடக் கலைஞரிடமும் வருமானமில்லை. 1941இல் இசைக்கலைஞர் சங்கம் அஞ்சியது இங்கே அமைதியாக நிகழ்கிறது. இதைக் கலையின் வீழ்ச்சி என்று புலம்புவதால் பயனில்லை. அந்தத் தனியாளும் பிழைக்க வேண்டியவரே. சரண்ஜித் சிங்கைப் போலத் தம் பெயரில் ஒன்றைச் செய்ய விரும்புபவராகவும் அவர் இருக்கக்கூடும்.

ஆய்வாளர்க்குரிய பணி வேறு. நாட்டார் வழக்காற்றுப் பதிவுகளில், ஒலிநாடாவின் மேலட்டையிலும் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும், தகவலாளர் என்று பதியப்படுவது பெரும்பாலும் நடுவில் அமர்ந்தவரின் பெயரே. குடம் அடித்தவர், பின்பாட்டுப் பாடியவர், கட்டை வைத்திருந்தவர் ஆகியோர் ‘குழுவினர்’ என்றே பதிவாகின்றனர். அதன்மேல் இன்னொரு கோடும் உண்டு. ஒரே கலை, 1956இன் எல்லைக்கு ஏற்ப இரு மாநில நிறுவனங்களின் இருவேறு பட்டியல்களில் இருவேறு பெயரில் அமர்கிறது. எல்லையின் ஒரு பக்கத்துப் புலவருக்கு மறுபக்கத்து உடுக்கைக்காரர் வாசித்திருந்தால், அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நாளை அந்தப் பதிவுகள் இணையத்துக்கு வரும். அவற்றிலிருந்து எங்கோ ஒருவர் குடத்தின் ஒலியைச் சில விநாடிகள் வெட்டி எடுத்துத் தம் பெட்டிக்குள் வைப்பார். அதிலிருந்து நல்ல இசை பிறக்கவும் கூடும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. அந்த ஒலி யாருடையது என்று அவர் கேட்கும்போது விடை இருக்க வேண்டும். ஸ்டபிள்ஃபீல்டின் பெயரையாவது இசைவரலாறு தாமதமாகக் கண்டெடுத்தது. அவர் வாசித்த நாளும் கூடமும் பதிவில் இருந்தமையால் அது இயன்றது. எல்லைச் சிற்றூர்களின் குடத்துக்கும் உடுக்கைக்கும் அத்தகைய பதிவை இன்று செய்யக்கூடியவர்கள், களத்துக்குச் செல்லும் மாணவர்களே. ஒலிப்பதிவைத் தொடங்குமுன் அரைவட்டத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் பெயரும் ஊரும், பெயரைப் பதிய ஒப்புதலும் கேட்க ஐந்து நிமிடம் ஆகும். ‘குழுவினர்’ என்ற சொல்லைக் கலைத்துப் பெயர்களாக்க அந்த ஐந்து நிமிடம் போதும். பெயர்களிலிருந்து உரிமைக்குச் செல்லும் வழி நீண்டது. அது தொடங்கும் இடம் இதுவே.